டீச்சரிட மேசைய தூக்கி எறிஞ்சிராதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல எங்கட டீச்சரிட படம் மரண அறிவித்தல் பக்கத்தில வந்திருந்திச்சு. ஓய்வுபெற்ற ஆசிரியை எண்டு போட்டு, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள்ட பேரெல்லாம் போட்டு, கிரியை எத்தன மணிக்கு எண்டு முடிச்சிருந்தாங்க. பிழை ஒண்டுமில்ல, காசு கட்டிப் போடுறதில அவ்வளவுதான் வரும். ஆனா அந்த 'ஓய்வுபெற்ற' எண்ட சொல்லு மட்டும் எனக்கு முள்ளு மாதிரி குத்திக்கிட்டே கிடக்கு, அந்த மனிசி எப்ப கா ஓய்வெடுத்தவ? அதுதான் எழுதுறன். பேர் போடல்ல, போட்டா அவவுக்குப் பிடிக்காது, கல்லடியில கேட்டா எல்லாருக்கும் தெரியும்.

நான் படுவான்கரைப் பொடியன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். டீச்சருக்கு வீடு கல்லடியில, பள்ளிக்கூடம் எங்கட ஊரில. அப்ப மண்முனைப் பாலம் இல்ல, அது 2014லதானே திறந்தது. விடியச் சாமத்தில எழும்பி பஸ் எடுத்து, ஆரையம்பதி தாண்டி இறங்கி, மண்முனைத் துறையில பாதைக்கு நிண்டு, ஆத்தக் கடந்து, மறுகா அங்கால நடை. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு 'பாதை' எண்டா ரோட்டுத்தான், எங்களுக்கு அது ஆக்களையும் மாட்டையும் சைக்கிளையும் ஒண்டா ஏத்திற மிதவை. நனைஞ்ச சீலையோட வந்து நிண்டு கணக்குப் படிப்பிப்பா. டவுன் பக்கம் மாற்றம் எடுத்திருக்கலாம், கனபேர் எடுத்தாங்க, அவ எடுக்கல்ல. ஏனெண்டு கேட்டா "அங்க டீச்சர்மார் இருக்காங்க மனே" எண்டு சொல்லிட்டு அடுத்த கணக்கப் போடுவா.

78 சூறாவளிய எங்கட வயசு ஆக்கள் மறக்க மாட்டாங்க, நவம்பர் 23. நான் அரிவரியில சேர்ந்த வருசம் அது. பள்ளிக்கூடத்துக் கூரை போயிட்டு, அலுமாரிக்குள்ள இருந்த சேர்விடாப்பு, பிள்ளைகள்ட பேர், பிறந்த திகதி எழுதிற கொப்பி, தண்ணியில ஊறி மை கரைஞ்சு போச்சாம். டீச்சர் அத வெயில்ல ஒவ்வொரு தாளா விரிச்சுக் காயவெச்சு, தெரியாத எழுத்த வீடு வீடாப் போய்க் கேட்டு, முழுக்கப் புதுக் கொப்பியில எழுதி எடுத்தவ. அப்ப எங்களுக்கு இது ஒண்டும் தெரியாது, பள்ளிக்கூடம் இல்ல எண்டு சந்தோசமாத் திரிஞ்ச நாங்க.

தெரிஞ்சது 2005ல. நான் கலியாணம் முடிச்சு நாவலடியில இருந்தன், சுனாமி என்ன செஞ்சது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நானும் மனிசியும் தப்பினம், அவட தாய் போயிட்டா. உடுத்த சாரத்தத் தவிர ஒண்டும் மிச்சமில்ல, ஐசி எண்ட அடையாள அட்டை இல்ல, பேர்த் சேட்டிபிக்கட் இல்ல, நிவாரணத்துக்குப் போனா நீ ஆர் எண்டு கேக்காங்க. டீச்சர் பென்ஷன் எடுத்து ரெண்டு வருசம் ஆகியிருக்கும். வீட்டு விறாந்தையில பழைய மேசை ஒண்டப் போட்டு, பிஸ்கட் தகரம் ஒண்டுக்குள்ள முத்திரை, கோந்து, காபன் தாள், மூணு நீலப் பேனை வெச்சுக்கிட்டு சனத்துக்குப் போம் எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தா. முன்னால வாசல் கடப்பு வரைக்கும் சனம். நான் போய் நிண்டதும் தலைய நிமித்திப் பாத்தா, கன வருசமா என்னக் காணல்ல, "72 ஆவணி 9, தகப்பன் வண்டில்காரன், என்ன சரியா?" எண்டா. எனக்கே ஒம்பதா பத்தா எண்டு சந்தேகம். கையால எழுதின இடாப்பு கா, மனசில கிடந்திருக்கு.

அந்த மேசைக்கு ஆர் எவர் எண்டில்ல. காத்தான்குடி உம்மாமாரும் ஓட்டோ பிடிச்சு வருவாங்க. இங்கிலீசில ஒரு மாதிரி, தமிழில ஒரு மாதிரி பேர் விழுந்து, 'ஒரே ஆள்தான்' எண்டு சத்தியக்கடதாசி முடிக்க அலைஞ்ச சனம் எத்தன! ஒரு எழுத்து பிழைச்சாலும் போமக் கிழிச்சுட்டு மறுகா முதல்ல இருந்து எழுதுவா, நமக்குத்தான் பொறுமை போயிரும். நல்ல ஏச்சும் விழும். சீனி இல்லாத தேத்தண்ணி ஒண்டு தருவா, அதயும் குடிச்சே ஆகணும்.

சுனாமிக்கெண்டு தனிச் சட்டம் வந்து, உடம்பு கிடைக்காத ஆக்களுக்கும் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் எண்டான பொறகு அந்தப் போமும் அவதான் நிரப்பினா. அத மட்டும் விறாந்தையில எழுத மாட்டா. ஆள உள்ள கூட்டிப் போய், கதவச் சாத்திட்டு, எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருந்து எழுதுவா. என்ட மாமியிட போமும் அப்பிடித்தான் எழுதினது. மாமிட வயசு என்ன எண்டு கேட்ட இடத்தில மனிசி அழத் தொடங்கிட்டா, டீச்சர் பேனைய மூடி வெச்சுட்டுப் பேசாம இருந்தா, அண்டைக்குப் போம் முடியல்ல, அடுத்த நாளும் வரச் சொன்னா.

இப்ப விசயத்துக்கு வாறன். செத்த வீட்டிலயே ரெண்டு மூணு பேர் கதைச்சாங்க, டீச்சரிட பேரில ஒரு பஸ் தரிப்பிடம் கட்டோணும், திறப்பு விழாவுக்குப் பெரிய ஆள் ஒராளக் கூப்பிடோணும் எண்டு. பொன்னாடை போத்த வந்த ஆக்களையே கடப்போட திருப்பி அனுப்பின மனிசி அவ. அந்தக் காசில ஒரு மேசையும் நாலு கதிரையும் வாங்குங்க, வாசிகசாலையில கிழமைக்கு ரெண்டு நாள், பென்ஷன் எடுத்த சேர்மார் டீச்சர்மார் மாறி மாறி இருந்தாக் காணும். எல்லாம் ஒன்லைன்ல வந்திட்டு எண்டு சொல்லுவீங்க, ஓம், ஒன்லைன் போமும் ஆராவது நிரப்பித்தானே குடுக்கணும், கடையில போனா அதுக்கும் காசு. சனிக்கிழமையில நான் வாறன், என்ட எழுத்து டீச்சரிட எழுத்து மாதிரி இல்லாட்டியும் வாசிக்கலாம்.

இன்னொண்டு. டீச்சரிட மகள் அந்தத் தகரத்த என்னட்டத் தந்திருக்கா. அதுக்குள்ள ரெண்டு பாஸ்போட் சைஸ் படம் கிடக்கு. ஒண்டு பள்ளிக்கூடச் சேட்டோட ஒரு பொடியன், மத்தது வயசான அம்மா ஒராள், மூக்குத்தி போட்டிருக்கா. பின்னால பேர் இல்ல, 'புதன் வருவாங்க' எண்டு மட்டும் அவட எழுத்தில இருக்கு. உங்கட படமா இருந்தா கல்லடிக்கு வந்து டீச்சர் வீட்டில கேளுங்க, போமும் அரைவாசி எழுதினபடி இருக்கு.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.