பங்க்கில் வண்டியை நிறுத்தும்போது

உச்சிப்புளி

அன்பு மகளுக்கு,

வாரத்தில் பாதி நாள் ஹூஸ்டனுக்கும் லூசியானாவுக்கும் இடையே காரிலேயே கழிகிறது, வழியில் பெட்ரோல் பங்க்கை விட்டால் வேறு கதி இல்லை, அதனால் சிப்ஸும் காப்பியுமாக ஓட்டுகிறேன் என்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பங்க்கை ஒட்டிய கடையில் நான் அவித்த இட்லியில் படித்தவள் நீ. பங்க் சாப்பாடு என்று முகம் சுளிக்க உனக்கு உரிமை கிடையாது, தாயி.

விலைப் பலகையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கடிகாரத்தைப் பார். இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் மீன் ஏற்றிய லாரிகள் எப்போது நம் கடையில் நிற்கும் என்று தெரிந்துதான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவேன். அந்த நேரத்துக்கு வருகிறவருக்கு வடை கையைச் சுடும். இரண்டு மணி நேரம் கழித்து வருகிறவருக்கும் அதே வடைதான், அதே விலைதான். ஆனால் சவசவத்துப் போயிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மாவைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். அங்கேயும் கணக்கு இதுவாகத்தான் இருக்கும். விடியற்காலையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்துகிற பங்க் எது என்று கவனித்து வை. முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்து மடிக்கிற டாக்கோ அப்போது அடுப்பிலிருந்து நேராக வரும். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் சூடு காக்கும் விளக்குக்கு அடியில் வறண்டு கிடப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சூடான உருளைக் கம்பிகளின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும் சாசேஜும் அப்படித்தான். தோல் சுருங்கியிருந்தால் அது காலையிலிருந்து சுற்றுகிறது என்று பொருள்.

சூடான பண்டம் 57 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று அங்கே உணவு விதி இருப்பதாக நீதான் சொன்னாய். விதி இருக்கட்டும், உன் உள்ளங்கையை நம்பு. பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தால் வாங்காதே. பொரித்த கோழி என்றால் எண்ணெய் வாசம் வாசலிலேயே சொல்லிவிடும்.

லூசியானாவில் ஸ்காட் என்ற ஊர்ப் பக்கம் பங்க்குக்குப் பங்க் பூடான் என்று ஒரு பண்டம் விற்கிறார்கள் என்றாயே, அதைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சோறு, பன்றிக் கறி, ஈரல், வெங்காயத்தாள் எல்லாவற்றையும் பிசைந்து குடலுறையில் அடைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஆவியிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு முனையைக் கடித்துவிட்டு உறையைப் பிதுக்கினால் சோறு வாய்க்கு வந்துவிடும் என்றாய். நம் வீட்டில் பன்றிக் கறி சமைத்ததில்லை. உனக்குப் பிடித்தால் சாப்பிடு, உன் அப்பத்தாவிடம் நான் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்தது அந்தச் சோறுதான். நெல் விளைகிற ஊர்க்காரர்கள் வழிப்போக்கருக்குச் சோற்றை எப்படியாவது கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரரே தேடி வந்து வாங்குகிற பண்டம் இருக்கும் பங்க்கில் நிறுத்து. அது தேங்கிக் கிடக்காது.

ஜார்ஜியா, தென் கரோலினா பக்கம் வேலை வந்தால் உப்புப் போட்டு அவித்த நிலக்கடலை கிடைக்குமாம். தென் கரோலினாவில் 2006-இல் அதை மாநிலத்தின் தின்பண்டமாகச் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறார்கள். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அவித்த பனங்கிழங்கை இன்னும் யாரும் கண்டுகொள்ளவில்லை!

பெட்ரோல் பங்க்கோடு இருக்கும் பக்கீஸ் கடையின் வீடியோ பார்த்தேன். டெக்சாஸ் லூலிங்கில் 2024-இல் திறந்ததே 75,000 சதுர அடியாமே. அது கடையா, சந்தையா? ஆனால் புதிதாக வெந்த பிரிஸ்கட், அதாவது மாட்டு நெஞ்சுக் கறி, வெட்டுப் பலகைக்கு வந்ததும் வேலையாட்கள் சேர்ந்து கூவுகிறார்கள் பார், அதற்கு முழு மதிப்பெண். கூவல் கேட்டால் வரிசையில் போய் நில். பெரிய லாரிகளை மட்டும் உள்ளே விடுவதில்லையாம். லாரிக்காரர்களை விட்டுவிட்டு நான் கடை நடத்தியிருந்தால் உனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்க முடியாது. லாரிகள் நிற்கும் நிறுத்தங்கள் சிலவற்றில் பஞ்சாபிகள் ரொட்டியும் பருப்பும் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உன் வழியில் இருக்கிறதா என்று விசாரி.

செவன் லெவன் கடை 1927-இல் டல்லஸில் ஓர் ஐஸ் கம்பெனியில், ஐஸோடு பாலும் ரொட்டியும் முட்டையும் விற்கப்போய் உருவானதாம். ஆயுசு முழுக்க ஐஸ் கம்பெனியில் உழைத்த உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நாங்கள் மீனோடு நின்றுவிட்டோம்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

எதுவும் பிடிபடாவிட்டால் கல்லாவில் நிற்பவரிடம், "இன்றைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேள். கடைப் பண்டத்தின் பெயரைச் சொன்னால் அதையே வாங்கு. வீட்டிலிருந்து கட்டி வந்தேன் என்றால் வாழைப்பழமும் குளிர்பெட்டியில் இருக்கும் அவித்த முட்டையும் போதும். தேதி பார்த்து எடு.

அந்த முட்டைக்காகவே முண்டு மிளகாயில் பொடி இடித்து அனுப்புகிறேன். ஒரு டப்பா வீட்டுக்கு, சின்ன டப்பா காருக்கு. இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடாதே. கருவாடு கேட்டாயே, அது இப்போதைக்கு இல்லை. காரில் வைத்தாயானால் உன்னோடு வேலைக்கு வருகிறவர்கள் யாரும் ஏற மாட்டார்கள்.

பொரித்த கோழி விற்கிற பங்க் எதிலாவது நிறுத்தினால் எனக்காக ஒன்று கேட்டு எழுது: என்ன எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள்?

அன்புடன்,
அம்மா