டாலக் மலையடியில் ஒரு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமில்லை. முட்டிவலி பரவாயில்லை. இவளும் நலம்.

மகன் வாங்கித் தந்த கயாக்கை, அதுதான் ஒற்றை ஆள் துடுப்புப் படகை, ஒருவழியாகப் போன சனிக்கிழமை தண்ணீரில் இறக்கிவிட்டேன். இங்கே கலிஃபோர்னியாவில் தாஹோ ஏரிக்குத் தெற்கே ஃபாலன் லீஃப் என்று இன்னொரு ஏரி. தாஹோவுக்குப் பக்கத்தில் குட்டை மாதிரி தெரியும், ஆனால் நீளம் நாலரைக் கிலோமீட்டர், ஆழம் 120 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,940 மீட்டர். கொடைக்கானலே இதைவிட உயரம் என்றால் நம்புவாயா? ஆனாலும் ஜூன் மாதத்தில் எதிரே டாலக் மலையில் சிலுவை மாதிரி பனி கிடக்கிறது.

பத்து மணிக்கு மேல் காற்று எழும்பிவிடும் என்பதால் இருட்டோடு போய்விட்டேன். முதல் கால்மணி நேரம் ஒரே இடத்தில் வட்டமடித்தேன். நல்லவேளை, பார்க்க ஆளில்லை. அப்புறம் கை பழகிவிட்டது. துடுப்பை எடுத்து மடியில் வைத்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டும்தான். வெயில் முதலில் மலையுச்சியில் விழுந்து, மெதுவாக இறங்கி ஏரிக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை குளிரில் பல் தந்தியடித்தது. இந்தத் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் மூச்சடைத்துப்போகும். அதனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை.

இங்கே மண்புழு, தக்கை எல்லாம் வேண்டாம் என்று தகட்டு இரையை மாட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டுக்கொண்டு மெல்லத் துடுப்புப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. கரைக்குத் திரும்பலாம் என்று நினைத்தபோது கோல் வளைந்தது. மீன் ஒரு முழம் இருக்கும். கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன், இல்லாவிட்டால் அதன் வழுவழுப்பு உரிந்துவிடும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கத்தியால் கீறியது போலச் சிவப்புக் கோடு. அதனால்தான் 'கட்த்ரோட்', அதாவது கழுத்தறுபட்ட, ட்ரௌட் மீன் என்று பெயர்!

இதில் என்ன விசேஷம் என்பாய். இந்த மலை ஏரிகளின் சொந்த மீன் அதுதான், மாப்ளே. முழுப்பெயர் லஹான்டன் கட்த்ரோட். ரயில் வந்ததும் டன் கணக்கில் பிடித்து நகரங்களுக்கு ஏற்றினார்கள். மரம் வெட்டி ஓடைகளைக் கெடுத்தார்கள், அணை கட்டி முட்டையிடப் போகும் வழியை அடைத்தார்கள். போதாததற்கு 1880களின் கடைசியில் வெளியிலிருந்து 'ஏரி ட்ரௌட்' என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1939 வாக்கில் தாஹோவில் கட்த்ரோட் இல்லாமலே போய்விட்டது. இப்போது அங்கே பிடிபடும் ஏரி ட்ரௌட், கோகனி என்ற சால்மன், ரெயின்போ ட்ரௌட் எல்லாமே வந்தேறிகள்தான். கோகனி 1944-இல் ஒரு மீன் பண்ணையிலிருந்து தப்பி வந்ததாம்!

ஆனால் யாரோ புண்ணியவான் அந்தக் காலத்திலேயே கட்த்ரோட் கொஞ்சத்தைக் கொண்டுபோய், யூட்டா மாநில எல்லையில் பைலட் சிகரத்து ஓடை ஒன்றில் விட்டிருக்கிறான். 1970களில் அங்கே கண்டுபிடித்து, வளர்த்து, பிறகு ஃபாலன் லீஃபுக்கும் கொண்டுவந்தார்கள். என் தூண்டிலில் மாட்டியது அந்த வம்சமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆசைதான். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினேன். ஒரு நிமிடம் அசையாமல் நின்றது, பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆழத்தில் இறங்கிவிட்டது.

வீட்டில் சொன்னபோது, "நானூறு டாலர் கயாக், லைசென்ஸ் காசு, பெட்ரோல். மீன் எங்கே?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றைக்குச் சாம்பார்தான்.

சரி, உன் சங்கதி என்ன? தாமிரபரணியில் தண்ணீர் எப்படி? நாம் உட்கார்ந்து கெண்டை பிடித்த அந்தப் படித்துறைக் கல் இன்னும் இருக்கிறதா, அல்லது மணலோடு போய்விட்டதா? அடுத்த முறை யாராவது இங்கே வந்தால், மயிலிறகுத் தண்டில் நாம் செய்வோமே, அந்தத் தக்கை நாலைந்து செய்து கொடுத்தனுப்பு. இந்த ஏரிக்கு அது தேவையே இல்லை. இருக்கட்டும், அனுப்பு.

உன் பழைய கூட்டாளி