முழுக்க நேராக வேண்டும் என்று கேட்காதே

மேற்கு மாம்பலம், சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதைச் (ஸ்கோலியோசிஸ்) சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து எனக்கும் அம்மாவுக்கும் பெரிய நிம்மதி. ஆனால், செய்வதென்றால் முதுகை முழுக்க நேராக்கித் தரச் சொல்லப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ கல்லூரி முடித்த ஆண்டில் வளைவு 58 டிகிரி, இப்போது 71. ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் வெளியிட்ட முறையில்தான் இன்றும் கோணத்தை அளக்கிறார்கள். அளப்பவர் மாறினாலே நாலைந்து டிகிரி கூடக்குறைய வரும் என்பது உண்மை. உன் கணக்கு அதற்குள் அடங்கவில்லை. 50 டிகிரியைத் தாண்டிய மார்புப் பகுதி வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி கூடக்கூடும். தீபாவளிக்கு வந்திருந்தபோது, இரண்டாவது மாடிக்கு ஏறும் முன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நீ மூச்சு வாங்க நின்றதைப் பார்த்தேன். ஆகவே சிகிச்சை வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

நேராக்குவதையே பெரிதாக எண்ணினால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் முன்பே பார்த்திருக்கிறது. 1960-களில் பரவிய ஹாரிங்டன் கம்பி, முதுகின் மேலும் கீழும் கொக்கி மாட்டி எலும்பை நீட்டி நிமிர்த்தியது. முன்னாலிருந்து பார்த்தால் முதுகு நேராகத் தெரிந்தது. ஆனால் கம்பி கீழ் முதுகு வரை இறங்கியவர்களில் பலருக்கு, அங்கே இயல்பாக இருக்க வேண்டிய உள்வளைவு தட்டையாகி, வயது ஏற ஏற உடல் முன்னால் சாய்ந்து, நிமிர்ந்து நிற்பதே பாடாகிவிட்டது. அதனால்தான் இப்போது முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ பதித்து இரு பக்கமும் கம்பி பொருத்தி எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் மருத்துவர்கள், தலை இடுப்பெலும்புக்கு நேர் மேலே வந்து நிற்குமா என்பதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பார்த்தே திட்டமிடுகிறார்கள். வளைவு பாதியாகக் குறைந்து உடல் சமநிலையில் நின்றால், என் கண்ணுக்கு அது முழு வெற்றிதான்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முதுகு இளக்கமானது. உன் வயதில் அது இறுகிவிடுகிறது. இறுகிய வளைவை மேலும் நிமிர்த்த, மூட்டுகளையும் சில இடங்களில் எலும்பையுமே வெட்டியெடுக்க வேண்டிவரும். வெட்டு கூடக்கூட ரத்தம் போவதும் கூடும். தண்டுவடத்துக்கு ஆபத்தும் கூடும். நரம்பின் சமிக்ஞைகளை அறுவையின்போது மின்முறையில் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சமிக்ஞைகள் குறைவதைக் கண்டு மருத்துவர் கம்பியைத் தளர்த்தி, இவ்வளவு போதும் என்று நிறுத்தினால், அந்த முடிவை நீ இப்போதே மனதார ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

எத்தனை டிகிரி குறையும் என்பதைவிட, கம்பி எந்த முள்ளெலும்போடு நிற்கும் என்று கேள். கீழ் முதுகில் சில மூட்டுகள் மிஞ்சினால் குனிந்து கோலம் போடலாம், தரையில் சம்மணமிட்டு உட்காரலாம். இடுப்பெலும்பு வரை இறங்கினால் செருப்பு வார் மாட்டுவதற்கே சிரமப்பட நேரும். இணைத்த எலும்புகள் ஒன்றாகச் சேர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். எலும்பு ஒன்றுசேராத இடத்தில் கம்பி சில ஆண்டுகள் கழித்தும் முறியலாம். ஆகவே எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, நுரையீரல் பரிசோதனை மூன்றையும் புனேயிலேயே முடித்துவிடு. அங்கே ஒரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்தும் கேட்டுக்கொள்; இங்குள்ள மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும் உன் அலுவலகக் காப்பீட்டில் தனி உச்சவரம்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு. மிச்சப் பணத்துக்கு வைப்புநிதி இருக்கிறது. அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். விடுப்பை மூன்று மாதத்துக்குக் குறையாமல் கேள்.

அன்புடன்,
அப்பா