மே மாசக் கடைசில எங்களை பென்தோட்டா கடலுக்கு அனுப்புனது பத்தி புகார்

பெறுநர்: மேனேஜர் அவர்கள், வெளிநாட்டு டூர் பிரிவு, கோயம்புத்தூர் கிளை

பொருள்: இலங்கை பேமிலி பீச் பேக்கேஜ், சீசன் பத்தி தப்பா சொல்லி வித்தது, பணம் திருப்பித் தர வேண்டி

வணக்கமுங்க.

நான் பொள்ளாச்சில இருந்து எழுதறேன். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட புக் பண்ணி நானு, எங்க ஊட்டுக்காரர், ரெண்டு பசங்க, எங்க மாமியா எல்லாரும் இலங்கைக்கு போயிட்டு வந்தோம். ஊருக்கு வந்ததும் உங்க ஆபீசுக்கு போன் போட்டு நடந்ததை சொன்னதுக்கு, மழைக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லீங்க மேடம், அது இயற்கை, அக்ரிமெண்ட்லயே போட்டிருக்குன்னு ஒரு புள்ள சொல்லிட்டு வெச்சிருச்சு. அந்தப் பதிலை என்னால ஒத்துக்க முடியாதுங்க, அதுக்குத்தான் இப்ப எழுத்துலயே அனுப்பறேன்.

திடீர்னு ஒரு புயல் வந்து மாட்டிக்கிட்டோம்னா நான் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அங்க வந்தது தென்மேற்குப் பருவமழைங்க. கேரளாவுல ஜூன் 1 வாக்குல தொடங்கற மழை இலங்கைக்கு அதுக்கும் முன்னாலயே வந்துரும், வந்துச்சுன்னா செப்டம்பர் வரைக்கும் அந்த ஊரு மேக்கால கரை, தெக்கால கரை ரெண்டுலயும் கடல் கொந்தளிப்பாத்தான் இருக்கும். பென்தோட்டா, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாமே அந்தப் பக்கந்தான். அதே மாசத்துல நடு மலைக்கு அந்தண்டை கெழக்கால கரைல, திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா பக்கமெல்லாம் கடல் அமைதியா, வெயிலா இருக்கும். வால்பாறைல கொட்டறப்ப தாராபுரத்துல வெயில் அடிக்கறதில்லீங்களா, அதே கதைதான். சிறுவாணி நெறையறதும் ஆழியாறு நெறையறதும் எந்த மழைலன்னு தெரிஞ்ச ஊர்ல ஆபீஸ் வெச்சிருக்கீங்க, வெளிநாட்டு டூர் நடத்தறதே தொழிலு, உங்களுக்கு இது தெரியாதுன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க.

இதுல எனக்கு ரொம்ப மனசு நொந்தது என்னன்னா, நாங்க மொதல்ல கேட்டதே திருகோணமலைதான். எங்க மாமியா தினமும் தேவாரம் படிக்கறவங்க, ஈழத்துல பாடல் பெற்ற தலம் ரெண்டே ரெண்டு, திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும், அதுல சம்பந்தர் பாடுன கோணேசர் கோயிலை கண்ணால பாத்துரோணும்னு பல வருசமா சொல்லிட்டு இருந்தவங்க. கோயில் கடலுக்கு மேல பாறை உச்சில இருக்குது, பக்கத்துலயே நிலாவெளி பீச், அங்கிருந்து போட்ல போனா புறாத்தீவு, பசங்க பவளப்பாறை பாக்கலாம்னு நான் பாத்து வெச்சுத்தான் உங்க கவுண்டர்ல வந்து உக்காந்தேன். உங்க ஆளு என்ன சொன்னாருன்னா, அது ரொம்ப தூரமுங்க, பெரியவங்களுக்கு ஆகாது, அதுவுமில்லாம மே மாசம் அந்தப் பக்கம் கடல் செரியில்ல, பென்தோட்டாதான் பேமிலிக்கு பெஸ்ட்டு, கடல் அமைதியா இருக்கும்னாரு. தூரம்னா கொழும்புல இருந்து 260 கிலோமீட்டர் கிட்ட, அது தெரிஞ்சுதான் கேட்டோம். கடல் பத்தி சொன்னதுதான் முழுக்க தலைகீழு. வாய்ல சொன்னதோட நிக்காம வாட்ஸ்அப்லயும் அனுப்பியிருக்காரு, அந்த மெசேஜை இதோட இணைச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க.

அங்க போய் எறங்குன அன்னிக்கே பீச்ல கடல்ல எறங்கக் கூடாதுன்னு செகப்புக் கொடி கட்டியிருந்துச்சு, நாங்க கெளம்பற வரைக்கும் அதை எறக்கவேயில்ல. அலை ஆளு ஒசரத்துக்கு வந்து அடிக்குது, மண்ணோட சேத்து இழுத்துட்டுப் போகுது. கடல் பாக்கறதுக்குன்னே வருசம் பூராம் காத்திருந்த பசங்க, ஓட்டல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே உக்காந்துட்டு எப்பம்மா எறங்கலாம்னு கேட்டுட்டே இருந்தா நான் என்னத்தைங்க சொல்றது.

அப்பத்தான் உங்க எமர்ஜென்சி நம்பருக்கு போட்டேன். அதுல பேசுனவரு சொன்னதை நீங்க கட்டாயம் விசாரிக்கோணும். கொடியெல்லாம் சும்மா பார்மாலிட்டிக்கு கட்டறதுங்க, கரையோரமா முட்டி அளவுக்கு பசங்களை எறக்குங்க, ஒண்ணும் ஆகாதுன்னாரு. அந்தக் கரைலயே நிக்கற லைப்கார்டு என்ன சொல்றாருன்னா, கரைக்கு வந்து மோதுன தண்ணியெல்லாம் ஒரு எடமா சேந்து கடலைப் பாத்து ஓடும், மேல இருந்து பாத்தா அந்த எடம் அலை கம்மியா அமைதியாத்தான் தெரியும், அதுல முட்டித் தண்ணில நிக்கற கொழந்தை கால் தடுமாறுனாலே போதும், உள்ள கொண்டு போயிரும்னாரு. எங்க பசங்க தோட்டத்துக் கெணத்துலயும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால்லயும் நீச்சல் பழகுனவங்க, தண்ணின்னா பயமே கெடையாது, உங்க ஆளு பேச்சைக் கேட்டு விட்டிருந்தா நேரா உள்ள போயிருப்பாங்க. இதை நெனச்சா இப்பவும் எனக்கு கை நடுங்குது. பணத்தைக் கூட விடுங்க, செகப்புக் கொடி பறக்கறப்ப கொழந்தைங்களை எறக்கச் சொல்ற ஆளை எமர்ஜென்சி போன்ல உக்கார வெக்காதீங்க.

எங்களுக்கு வண்டி ஓட்டுன தம்பி மலையகத் தமிழரு, நல்ல பையன். வண்டில ஏறுனதும், அக்கா இந்த மாசத்துல உங்களுக்கு யாரு பென்தோட்டா எழுதிக் குடுத்ததுன்னுதான் கேட்டாரு. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தக் கரை, மே-ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கெழக்குக் கரை, இது இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும்னு அவருதான் சொன்னாரு. மிரிஸ்ஸவுல திமிங்கலம் பாக்கற போட் டிரிப்பும் அப்படித்தான், அதுவும் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், அதுக்கு எங்ககிட்ட தலைக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே வாங்கிட்டீங்க, அங்க போனா கடல் செரியில்ல போட் எடுக்கலைன்னுட்டாங்க. அந்தப் பணம் எங்க?

அப்பறம் ரூம். ஓட்டல் ரிசப்ஷன்லயே சொன்னாங்க, இது ஆப் சீசன், ரூம் ரேட் நெறைய கொறைச்சுத்தான் குடுக்கறோம்னு. எங்களுக்கு நீங்க குடுத்த கொட்டேஷன்ல பீக் சீசன் ரேட்டுன்னு போட்டு மூணு லட்சத்துக்கு மேல வாங்கியிருக்கீங்க. கோஸ்கொடை ஆமைப் பண்ணைக்கும் காலிக் கோட்டைக்கும் கூட்டிட்டுப் போனது நல்லாத்தான் இருந்துச்சு, அதை இல்லைன்னு சொல்லல, ஆனா நாங்க பணம் கட்டுனது பீச் பேக்கேஜுக்குங்க.

இன்னொன்னு, டூர் பணத்தோட சேத்து டிசிஎஸ்னு வருமான வரி புடிச்சீங்களே, அது எங்க ஊட்டுக்காரர் பான்ல ஏறி அவரு வரிக் கணக்குல வந்திருக்கோணும், இன்னும் வரல, டிசிஎஸ் சர்ட்டிபிகேட்டும் குடுக்கல, ஆடிட்டர் கேட்டுட்டு இருக்காரு.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 2(11)-வது பிரிவுல சேவைக் குறைபாடுன்னா என்னன்னு எழுதியிருக்குது, வாடிக்கையாளருக்கு தெரிய வேண்டிய விசயத்தை வேணும்னே மறைக்கறதும் அதுல வருது. நீங்க பண்ணது அதுதான். பின்பக்கம் பொடி எழுத்துல வழக்குன்னா எங்க ஹெட் ஆபீஸ் இருக்கற ஊர்லதான்னு போட்டிருக்கீங்க, ஆனா இதே சட்டத்துல நாங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம்னு இருக்குது, ரெண்டு வருசம் டைம் இருக்குது, கட்டுன பணம் 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் கூட கெடையாது. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்புட்டு கேட்டுட்டுத்தான் எழுதறேன். சண்டை போடோணும்னு எனக்கு ஆசை இல்லீங்க, உங்க மூலமா எங்க ஒறம்பறைல நெறையப் பேரு டூர் போயிருக்காங்க, அந்த நம்பிக்கைலதான் வந்தோம்.

எனக்கு வேண்டியது இதுதான். போட் டிரிப்புக்கு வாங்குன பணம் பூராம் திரும்ப வரோணும். ரூமுக்கு நீங்க ஓட்டலுக்கு நெசமா கட்டுன பில்லை காட்டி, எங்ககிட்ட எச்சா வாங்குனதை திருப்பிக் குடுக்கோணும். டிசிஎஸ் சர்ட்டிபிகேட் வேணும். எமர்ஜென்சி போன்ல பேசுனவரு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எழுதி அனுப்போணும். அடுத்த டூருக்கு டிஸ்கவுண்ட் கூப்பன் தர்றோம்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அது எங்களுக்கு வேண்டாம். இன்னும் உங்க வெப்சைட்ல ஜூன், ஜூலைக்கு பென்தோட்டா பீச் பேக்கேஜ் ஓடிட்டு இருக்குது, அதுல கடல்ல எறங்க முடியாதுன்னு பெரிய எழுத்துல போடுங்க, இல்லைன்னா அதை எடுத்துருங்க, வேற ஒருத்தர் கொழந்தைங்களோட போயி நிக்கக் கூடாது.

பதிலை போன்ல சொல்ல வேண்டாம், மெயில்ல எழுத்தா அனுப்புங்க. பதினஞ்சு நாளைக்குள்ள வரலைன்னா கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்துருவோம்.

இப்படிக்கு,
பொள்ளாச்சில இருந்து உங்க வாடிக்கையாளர்

இணைப்பு: வாட்ஸ்அப் மெசேஜ், கொட்டேஷன், பணம் கட்டுன ரசீது, செகப்புக் கொடியோட எடுத்த போட்டோ