துப்பாக்கி தூக்காதவர்களின் கதைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்சைப் பிடித்துவைத்திருந்த காலத்துப் பிரெஞ்சுப் புனைகதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். தமிழில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு, எழுதியவருக்கு நன்றி. ஆனால் அந்தக் கதைகளின் மனிதர்களை எதிர்த்து நின்றவர்கள், காட்டிக்கொடுத்தவர்கள் என்று இரண்டு வரிசையில் நிறுத்தி அவர் முடித்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கதைகளில் நடமாடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வரிசையிலும் சேராதவர்கள். பால்கடைக்காரர், வங்கி குமாஸ்தா, மாமியார், மேயரின் மனைவி. இவர்களை நீக்கிவிட்டால் மிஞ்சுவது சினிமாக் கதைதான்.

இது 1940இல் தொடங்கிய சங்கதியும் இல்லை. பிரஷ்யப் (அன்றைய ஜெர்மன் அரசுகளில் பெரியது) படை 1870இல் ரூவான் நகரைப் பிடித்த சமயத்தை வைத்து மாப்பசான் எழுதிய 'பூல் த சுயிஃப்' 1880இல் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் குதிரை வண்டியில் பத்துப் பேர்: ஒரு பிரபு, ஒரு பஞ்சாலை முதலாளி, ஓர் ஒயின் வியாபாரி, அவரவர் மனைவிமார், இரண்டு கன்னியாஸ்திரீகள், குடியரசு பேசும் ஒருவர், அப்புறம் ஒரு விலைமாது. பனியில் வண்டி நகர மறுக்கிறது. கூடை நிறையச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்து முகம் சுளித்தவர்களே அந்தக் கோழியையும் ஒயினையும் தின்று குடித்துத் தீர்க்கிறார்கள். வழியில் சத்திரத்தில் ஒரு பிரஷ்ய அதிகாரி, அவள் இணங்கினால்தான் வண்டி புறப்படும் என்கிறான். எதிரிக்கு இணங்க மாட்டேன் என்று அவள் உறுதியாக நிற்கிறாள். கூட வந்தவர்கள் நயமாகப் பேசிப் பேசி, வேதத்தையும் துணைக்கு இழுத்து, அவளை அனுப்பிவைக்கிறார்கள். மறுநாள் வண்டியில் அவரவர் பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிறார்கள். அவசரத்தில் வெறுங்கையோடு ஏறியவளுக்கு ஒரு துண்டு கொடுக்க ஆளில்லை. அந்த அதிகாரி கதையில் வருவதே கொஞ்ச நேரம்தான். கொடுமையில் பெரும்பங்கு சொந்த ஊர்க்காரர்களுடையது.

அறுபது வருஷம் கழித்து இரேன் நெமிரோவ்ஸ்கி எழுதிய 'ஸ்வீத் ஃபிரான்சேஸ்' நாவலிலும் இதே சாப்பாட்டு விஷயம் வருகிறது. 1940 ஜூனில் பாரிஸே காலியாகித் தெற்கு நோக்கி ஓடுகிறது. பெரிக்கான் குடும்பத்துச் சீமாட்டி முதலில் தன் பிள்ளைகளை விட்டு மற்ற அகதிகளுக்கு இனிப்பெல்லாம் கொடுக்கச் சொல்கிறாள். கிறிஸ்தவ தர்மம் இல்லையா! கடைகளில் எதுவுமே கிடைக்காது என்று தெரிந்த அடுத்த நிமிஷம், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தது போதும் என்று தடுத்துவிடுகிறாள். பிறகு ஓர் ஊரில் குண்டு விழுந்து, தீயிலிருந்து தப்பி ஓடும்போது பணம், நகை எல்லாம் பத்திரம். மாமனாரைத்தான் மறந்துவிட்டாள். படிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது, அடுத்த வரியிலேயே கூசுகிறது. இவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரையும் எதிர்க்கவும் இல்லை. கட்டுரையாளர் இவளை எந்த வரிசையில் வைப்பார்?

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, அந்த நாவலில் மிஷோ தம்பதியை என்னால் மறக்க முடியவில்லை. இருவரும் வங்கி ஊழியர்கள். காரில் இடம் தருவதாகச் சொன்ன டைரக்டர், கடைசி நேரத்தில் அந்த இடத்தைத் தன் காதலிக்கும் அவளுடைய மூட்டைமுடிச்சுக்கும் கொடுத்துவிடுகிறார். ஆனாலும் தூர் நகரத்துக் கிளையில் வந்து வேலையில் சேர வேண்டுமாம். நடந்தே கிளம்புகிறார்கள், போய்ச் சேர முடியவில்லை, வேலை போகிறது. போர் வந்தாலும் மேலதிகாரி மேலதிகாரியாகவே இருப்பார் என்பது எங்கள் தொழிலில் இருந்த யாருக்கும் புதிதாக இராது. நாவலில் மனிதர்களாக முழுசாக மிஞ்சுகிறவர்கள் இந்த இருவரும்தான்.

இரண்டாம் பாகத்து லூசிலைக் கட்டுரையாளர் 'எதிரியைக் காதலித்தவள்' என்று ஒரே வரியில் ஒதுக்கியதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. புருஷன் ஜெர்மனியில் போர்க்கைதி, வீட்டில் மாமியார். அந்த வீட்டில் ஒரு ஜெர்மன் அதிகாரி தங்க வருகிறான். வருவதற்கு முன்பே மாமியார் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிடுகிறாள். வந்தவன் மிரட்டவில்லை, பியானோ சாவியும் புத்தக அலமாரிச் சாவியும் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்கிறான். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் லூசிலின் சிக்கல். ஊரில் பெனுவா என்ற குடியானவன் ஒரு ஜெர்மானியனைச் சுட்டுவிட்டு ஓடும்போது, அவனை ஒளித்துவைப்பது இதே வீடுதான். அவன் தப்பிப்போவதற்கு வேண்டிய பயண அனுமதிச் சீட்டை லூசில் யாரிடம் வாங்குகிறாள்? தன்னை நேசிக்கும் அந்த அதிகாரியிடமே. ஏன் என்று கேட்காமல் கொடுக்கிறான். இது காதலா, துரோகமா, எதிர்ப்பா? மூன்றும் ஒரே சீட்டில் இருக்கின்றன. பெனுவாவை ஜெர்மானியரிடம் மாட்டிவிட்டது யார் என்று பார்த்தால், தன் தோட்டத்தில் திருடியவன் மேல் ஆத்திரப்பட்டுப் புகார் சொன்ன மேயரின் மனைவி.

இதற்குப் பக்கத்தில் வெர்கோரின் 'கடலின் மௌனம்' கதையை வைத்துப் படிக்க வேண்டும். 1942இல், பாரிஸில் ஜெர்மானியர் கண்ணில் படாமல் சிறிய அச்சகம் ஒன்றில் ரகசியமாக அச்சாகி, மினுயி பதிப்பகத்தின் முதல் புத்தகமாக வந்தது. இங்கேயும் வீட்டில் ஓர் அதிகாரி. இங்கேயும் சங்கீதக்காரன், பண்பானவன். பெரியவரும் அவருடைய தம்பி தங்கை வழிப் பெண்ணும் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தங்களுக்குள் பேசாமலே முடிவெடுக்கிறார்கள். அவன் தினமும் இரவில் கணப்பின் பக்கம் வந்து நின்று பேசிவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறான். கடைசியில் அவள் வாயிலிருந்து வருவது ஒரே சொல், விடைகொடுக்கும் சொல். நல்ல கதை, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு லூசிலின் வீடுதான் நிஜமாகப் படுகிறது. சமையலும் சந்தையும் உள்ள வீட்டில் பேசாமல் காலம் தள்ளுவது லேசில்லை. இன்னொன்று: இரண்டு எழுத்தாளர்களுமே நல்ல ஜெர்மானியனைச் சங்கீதக்காரனாகத்தான் கற்பனை செய்தார்கள். பியானோ தெரியாத ஒரு சமையல்காரச் சிப்பாய் அந்த வீடுகளில் தங்கியிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

பசியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆக்கிரமிப்புச் செலவு என்று பிரான்ஸ் நாளொன்றுக்கு 40 கோடி ஃபிராங்க் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ரொட்டியிலிருந்து எல்லாமே ரேஷன் அட்டைக்குள் போய்விட்டன. இதைப் பிடித்துக்கொண்டு மார்செல் ஐமே எழுதிய 'அட்டை' என்ற சிறுகதையில் அரசாங்கம் ஆயுளுக்கே ரேஷன் போடுகிறது. உபயோகமில்லாதவர்கள் மாதத்தில் இத்தனை நாள்தான் உயிரோடு இருக்கலாம். எழுத்தாளருக்குப் 15 நாள். ஓய்வூதியம் வாங்குகிறவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. யூதர்களுக்கு மாதம் அரை நாள் என்ற இடத்தில் நின்றுவிட்டது. உடனே கள்ளச்சந்தை முளைக்கிறது. ஏழைகள் தங்கள் நாட்களை விற்கிறார்கள், பணக்காரர்களின் மாதம் நீண்டுகொண்டே போகிறது.

ழான் தூத்தூர் 1952இல் எழுதிய பால்கடை நாவலில் வரும் புவாசொனார் தம்பதி இந்தக் கள்ளச்சந்தையின் மறுபக்கம். பாலில் தண்ணீர், வெண்ணெய்க்கு வாய்க்கு வந்த விலை. ஜெர்மானியரோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசு இருந்த விஷி நகருக்குப் போய், அதன் தலைவர் மார்ஷல் பெத்தேனுக்கு வாத்து முட்டை காணிக்கை வைக்கிறார்கள். காற்று திசை மாறியதும் தேசபக்தர்களாகிவிடுகிறார்கள். சேர்த்த சொத்தில் ஒரு காசும் குறையவில்லை.

தேசமே எதிர்த்து நின்றது என்ற பெருமைப் பேச்சை அடுத்த தலைமுறை தாங்கிக்கொள்ளவில்லை. 1945இல் பிறந்த நாவலாசிரியர் மோதியானோ 1968 முதல் அந்தக் காலத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். இயக்குநர் லூயி மாலோடு சேர்ந்து அவர் திரைக்கதை எழுதிய 1974ஆம் வருஷத்துப் படத்தில், கிராமத்துப் பையன் ஒருவன் எதிர்ப்பியக்கத்தில் சேரத்தான் முதலில் போகிறான். பள்ளி ஆசிரியர் வேண்டாமென்று அனுப்பிவிடுகிறார். பிறகு அவன் போய்ச் சேருவது ஜெர்மானியர் பக்கம். இதற்கு மேல் இரண்டு வரிசை எதற்கு?

கடைசியாக ஒரு திருத்தம். நெமிரோவ்ஸ்கியை ஜெர்மன் போலீஸ் கைது செய்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. 1942 ஜூலை 13 அன்று இசி-லெவெக் கிராமத்தில் அவரைக் கைது செய்து கொண்டுபோனவர்கள் பிரெஞ்சு ஜெந்தார்ம்கள், அதாவது பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள். பித்திவியே முகாம் வழியாக ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு ஆகஸ்ட் 17இல் இறந்தார். யூதர் என்பதற்காகக் கொல்லப்பட்டவர் எழுதிய இந்த நாவலில் யூதப் பாத்திரங்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஐந்து பாகங்களில் இரண்டைத்தான் முடிக்க முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மகள் தெனீஸ் பெட்டியில் காப்பாற்றி வைத்திருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி 2004இல்தான் புத்தகமானது. கைது செய்தது யார் என்பதை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.