மேஜையில் அடங்காத சூரியக் குடும்பம்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுகிற, வரைகிற, சரிபார்க்கிற குழுவினருக்கு,

வணக்கம். சூரியக் குடும்பப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். இடது ஓரத்தில் பாதிச் சூரியன், அதற்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு எட்டுக் கோள்கள், நடுவே கல்லைக் கொட்டியதுபோல் சிறுகோள் பட்டை. நான் படித்த காலத்திலும் அதே படம்தான். இன்று நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளும் அதையேதான் வரைகிறார்கள்.

அண்மையில் நடந்த ஓர் அறிவியல் கண்காட்சிதான் என்னை எழுத வைத்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தூரம், பருமன் இரண்டையும் ஒரே அளவில் சுருக்கி சூரியக் குடும்பத்தைச் செய்து பார்க்க ஆசைப்பட்டாள். சூரியனுக்கு ஒரு கால்பந்து, 22 செ.மீ. குறுக்களவு. அந்தக் கணக்கில் பூமி 2 மி.மீ. வரும். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து நல்ல பருத்த கடுகாகப் பொறுக்கி எடுத்து அட்டையில் ஒட்டினாள். பந்துக்கும் கடுகுக்கும் நடுவே ஏறத்தாழ 24 மீட்டர் இருக்க வேண்டும். வியாழன் ஓர் அரிநெல்லிக்காய், 123 மீட்டரில். அதோடு பள்ளி மைதானம் முடிந்துவிட்டது. சனிக்குத் தெருவுக்குப் போனாள். நெப்டியூன் ஒரு கொண்டைக்கடலை, 700 மீட்டருக்கும் அப்பால். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் வகுத்த கணக்கு பென்சிலில் எழுதியிருந்தது. அடித்துத் திருத்திய இடம்கூட அப்படியே இருந்தது.

நடுவர்கள் வந்தபோது அவள் மேஜையில் ஒரு பந்தும் ஒரு நோட்டும்தான் இருந்தன. "கோள் எல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டார்கள். "வெளியே இருக்கு சார், வாங்க காட்டறேன்" என்றாள். யாரும் போகவில்லை. மேஜையில் வைக்கிற மாதிரி செய்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் பாடப்புத்தகத்தைத் திறந்து, அந்தப் படத்தில் விரலை வைத்து, "இதுல இப்படியா இருக்கு?" என்று கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அச்சிட்ட புத்தகம் தப்பு என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பெரியவர்கள் முன்னால் எப்படிச் சொல்லும்?

பரிசு, தெர்மாகோல் உருண்டைகளுக்குள் விளக்கு எரியவிட்ட மாதிரிக்குப் போனது. அதைச் செய்த பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. புத்தகத்தில் உள்ளதை அழகாகச் செய்திருந்தார்கள். நடுவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் படித்து வந்திருப்பார். அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கோரிக்கை சின்னது. அந்தப் படத்துக்குக் கீழே, 'இதில் கோள்களின் பருமனும் தூரமும் உண்மையான விகிதத்தில் இல்லை' என்று கண்ணில் படும் எழுத்தில் ஒரு வரி போடுங்கள். பக்கத்திலேயே, அந்த மாணவி செய்ததுபோல் மைதானத்தில் நடந்து பார்க்கும் ஒரு செயல்பாட்டைச் சேருங்கள்.

பக்கத்தின் அகலம் போதாது, அதனால் நெருக்கி வரைகிறோம் என்பீர்கள். சரி, நியாயம்தான். நெருக்கி வரைந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் என் புகார். ஏனென்றால் அந்த நெருக்கம் அடுத்தடுத்த பாடங்களையும் குழப்புகிறது. கிரகணப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "அமாவாசை மாசாமாசம் வருது, சூரிய கிரகணம் மட்டும் ஏன் மாசாமாசம் வரல?" என்று எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். நிலவின் பாதை ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பதில் சொல்வோம். ஆனால் படத்தில் நிலவு பூமியை ஒட்டியே இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அந்தச் சாய்வு ஒரு பொருட்டே இல்லை, மாதாமாதம் நிழல் பூமிமேல் விழுந்துதான் தீரும். உண்மையில் பூமியைப் போல 30 உருண்டைகளை வரிசையாக வைக்கும் தூரத்தில் நிலவு இருக்கிறது. மாணவியின் கணக்கில் கடுகிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒரு ரவைத் துணுக்கு. அவ்வளவு தள்ளிப் போனபிறகு 5 டிகிரிச் சாய்வில், நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. தூரத்தைச் சொல்லாமல் இதை எப்படிப் புரியவைப்பது? அந்தப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் கேள்வியே கேட்காது.

சிறுகோள் பட்டையும் அப்படித்தான். படத்தைப் பார்த்தால் எந்த விண்கலமும் முட்டாமல் போகமுடியாது என்று தோன்றும். 1972-இல் புறப்பட்ட பயனியர் 10 அதைச் சேதமில்லாமல் கடந்துபோனது. அங்கே பெரும்பாலும் வெற்றிடம்தான்.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள அந்தத் தூரத்தை அளப்பதற்காக மனிதர்கள் வாழ்க்கையையே கொடுத்திருக்கிறார்கள். வெள்ளி, சூரியனின் முகத்தைக் கடந்துபோவதைப் பார்த்து அதைக் கணக்கிட, லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760-இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். போர் நடந்துகொண்டிருந்தது. 1761-இல் ஊர் ஆங்கிலேயர் கையில். ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது அளவெடுக்க உதவவில்லை. அடுத்த வாய்ப்புக்காக இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே எட்டு வருடம் காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே கருவியோடு தயாராக நின்றார். அந்தக் காலை மேகம் மூடிவிட்டது. நம் கடற்கரையில் நடந்த கதை இது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல், '15 கோடி கிலோமீட்டர்' என்று ஒரு கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம்.

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். கோள்களின் வரிசை மனப்பாடம். எதற்கு எத்தனை நிலவு என்பது மனப்பாடம். மதிப்பெண் முழுக்க அதற்கே போகிறது. ஒளி சூரியனிலிருந்து நம்மிடம் வர 8 நிமிடத்துக்கு மேல், நெப்டியூனுக்குப் போக 4 மணி நேரம் என்று ஒப்பிட்டு யோசிக்க வைக்கும் கேள்வி எந்தத் தேர்வில் வருகிறது? காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் சனியும் வியாழனும் நம் வீட்டு வாசலில் நிற்பதுபோல் பேசுகிறார்கள். அதற்கு எதிரே பிள்ளைகளின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நீங்கள் தரும் புத்தகம்தான். அதிலும் சனி ஒரு விரற்கடை தள்ளித்தான் நிற்கிறது!

நெப்டியூனுக்கு அப்பால் என்ன என்று அந்த மாணவி என்னிடம் கேட்டாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1, பந்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் போயிருக்கும். மனிதன் செய்த எதுவும் அதைவிடத் தொலைவு போனதில்லை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி எங்கே வரும்? பந்தைச் சென்னையில் வைத்தால், அது டோக்கியோ பக்கம். நடுவில் நாடு நாடாக வெறும் வெளி. அப்படிப்பட்ட விண்மீன்கள் நம் பால்வெளியில் மட்டும் 10,000 கோடிக்கும் மேல். "அப்போ அட்லஸ்தான் வேணும் சார்" என்றாள். ஒரு பிள்ளை தானாக இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. அவளுக்கு மேஜை போதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்து அனுப்பினோம்.

மன்னிக்கவும், பேச்சு நீண்டுவிட்டது. புதிய பாடமோ, வண்ணப் பக்கமோ, கருவியோ நான் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி, பக்கத்தில் ஒரு நடைச் செயல்பாடு. ஒரு பந்து, கொஞ்சம் கடுகு, ஒரு தெரு இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். கண்காட்சி நடுவர்களுக்கு நீங்கள் குறிப்பு எழுதுவதுண்டு என்றால், மேஜைக்கு வெளியே இருப்பதையும் போய்ப் பார்க்கும்படி அதிலும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலிக்கும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதற்கான காரணத்தையாவது தெரிவியுங்கள். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்