மூடியைத் திறந்து காட்டிவிட்டுச் சொல்லட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லி நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைதான். கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு தடவை பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பாபநாசம் பக்கம் என் மைத்துனர் நெல் மண்டி வைத்திருக்கிறார். அங்கே எடைமேடையோடு இணைத்த பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. எடை போடும் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். பழைய பிரிண்டர் போர்ட்டில் டாங்கிளை, அதாவது சாஃப்ட்வேருக்குச் சாவி மாதிரியான சின்னக் கருவியைச் சொருகினால்தான் திறக்கும். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட்டைத் தேடிப்பிடிப்பதே கஷ்டம். மார்கழியில் அந்தப் பெட்டி சண்டித்தனம் செய்தது. காலையில் ஐந்தாறு தடவை பட்டனை அமுக்கினால்தான் எழும்; சூடேறிவிட்டால் மாலை வரை ஒழுங்காக ஓடும். வந்து பார்த்த கடைக்காரர், மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போச்சு, புது செட்டே வாங்கிடுங்க" என்றாராம்.

நான் முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன். குளிரில் மக்கர், சூட்டில் சரி என்றால் கை தானாகக் கண்டென்சரைத் தேடும்; மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளை அது. மூடியைக் கழற்றினேன். பிராசசரைச் சுற்றி 1500 மைக்ரோஃபேரட், 6.3 வோல்ட் கண்டென்சர்கள் ஏழு நின்றன. மூன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் காய்ந்த காபிக் கறை போலப் பழுப்பு. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் பலவற்றுக்கு இதுதான் வியாதி. உள்ளே இருக்கும் ரசாயனக் கலவை சரியில்லாமல் அலுமினியத்தை அரித்து, ஹைட்ரஜன் வாயு கட்டி, தலை வீங்கும்.

அப்புறம் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். மதிப்பு ஒன்றுதானே என்று வீட்டில் மீந்துகிடந்த டிவி கண்டென்சர்களைப் போட்டேன். இரண்டே வாரத்தில் பழைய கதை; தொட்டால் சுட்டது. பிராசசருக்காக 12 வோல்ட்டை ஒன்றரை வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் இடம் அது. அங்குள்ள ஸ்விட்ச்சுகள் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடும். 'லோ ஈஎஸ்ஆர்' (உள் மின்தடை குறைவானது), 105 டிகிரி சூடு தாங்குவது என்று கேட்டு வாங்கும் ரகம்தான் அங்கே தாங்கும். சென்னை போன உறவுக்காரப் பையன் ரிச்சி தெருவில் வாங்கி வந்தான். ஏழும் சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. உப்பாத நான்கையும் விடவில்லை. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. கிரவுண்டு கால், போர்டுக்குள் ஓடும் செப்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்னோடு (ஈயப் பற்று வைக்கும் கோல்) மல்லுக்கட்டினால் துளையின் செப்பே பெயர்ந்து வரும். 60 வாட் அயர்ன் வைத்து, கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கி, ஒவ்வொரு காலாக ஆட்டி எடுத்தேன். கண்டென்சரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். அதனால் கழற்றும் முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.

எல்லா போர்டும் பிழைக்காது, எனக்கும் தெரியும். ஆனால் 'போச்சு' என்பவர்கள் மூடியைத் திறந்து காட்டிவிட்டுச் சொல்லட்டும். தை பிறந்து சம்பா நெல் வரத் தொடங்கியதும், மண்டியில் அந்தப் பெட்டிதான் எடைச் சீட்டு அடித்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
கும்பகோணம்